டம்டமிலிருந்து மூதூருக்கு: எங்கட வீட்டு ரெக்கோட் பெட்டி

போன வருஷம் வகுப்பில் ஒரு ஒப்படை தந்தார்கள். வீட்டிலிருந்து ஒரு வரலாற்று மூலாதாரத்தைக் கண்டுபிடித்து, அதைப்பற்றி எழுத வேண்டும். நண்பர்கள் பழைய கல்யாணப் படம், காணி உறுதி, பாஸ்போட் என்று கொண்டுவந்தார்கள். நான் விடுமுறையில் மூதூருக்குப் போய், மூத்தவாப்பாவின் ரெக்கோட் பெட்டியைத் திறந்தேன்.

அவர் மௌத்தாகி ஒன்பது வருஷம். பெட்டிக்குள் 27 தட்டு கிடந்தது. அதில் ஆறு உடைந்தவை. 2004 சுனாமித் தண்ணி ஏறியதில் அடியில் இருந்த தட்டுகளின் லேபிள் கரைந்து, என்ன பாட்டு என்றே தெரியாமல் போய்விட்டது. மிச்சத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட சிலதைப்பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கனமான கறுப்புத் தட்டுகள். நிமிஷத்துக்கு 78 தரம் சுற்றுகிறவை. இவை பிளாஸ்டிக் இல்லை. அரக்குப் பூச்சியின் பிசினோடு கல்தூள் கலந்து அழுத்தியவை. கை தவறினால் பீங்கான் கோப்பை மாதிரி உடையும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷம் சொச்சம்தான் கொள்ளும். கச்சேரியில் அரை மணித்தியாலம் பாடுகிற கீர்த்தனையைக்கூட அந்த மூன்று நிமிஷத்துக்குள் சுருக்கித்தான் பாட வேண்டியிருந்தது. நம் சினிமாப் பாட்டு இன்னமும் ஏறக்குறைய அந்த அளவிலேயே நிற்பதற்கு இந்தத் தட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

சில லேபிள்களில் டம்டம் என்று இருக்கிறது. அது கல்கத்தாவுக்குப் பக்கத்தில், கிராமபோன் கம்பனியின் தொழிற்சாலை இருந்த இடம். அப்படியென்றால் மெட்ராஸில் பாடிய ஒரு பாட்டு டம்டமில் தட்டாகி, கப்பலில் கொழும்புக்கு வந்து, ரயிலில் திருகோணமலைக்கு ஏறி, அங்கேயிருந்து லோஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூர் ஜெட்டியில் இறங்கியிருக்கிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை எங்களுக்கு லோஞ்சுப் பயணம்தான் சுருக்கு வழி. உடையாமல் வந்ததே பெரிய விஷயம்.

இன்னொன்றும் கவனித்தேன். மேல்நாடுகள் 78 தட்டை 1950களின் முடிவோடு கைவிட்டுவிட்டன. இந்தியாவில் 1960களிலும் அழுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். பீட்டில்ஸின் பாட்டுகள்கூட அங்கே 78 தட்டில் வெளிவந்தன. கரண்ட் இல்லாத ஊர்களில் சாவி முறுக்கும் கிராமபோன்கள் நிறைய இருந்தன. அவற்றில் 78 மட்டும்தான் ஓடும். பழைய தட்டை உயிரோடு வைத்திருந்தது எங்களைப் போன்ற ஊர்கள்தான் என்று நினைக்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

பெட்டியிலேயே பழையது, மூத்தவாப்பாவின் வாப்பா வாங்கிய கே. பி. சுந்தராம்பாள் தட்டு. சுந்தராம்பாள் சின்ன வயதிலேயே நாடகக் கம்பனியோடு இலங்கைக்கு வந்து நடித்தவர். எஸ். ஜி. கிட்டப்பாவைச் சந்தித்ததும் இங்கேதான். கிட்டப்பா 1933இல், 27 வயதில் இறந்துபோனார். அவருடைய குரலை இன்றைக்கு நாங்கள் கேட்க முடிகிறதென்றால் அதற்குக் காரணம் இந்த அரக்குத் தட்டுகள்தான்.

அடுத்தது நாகூர் ஈ. எம். ஹனிபா. பெட்டியில் ஆகக் கூடுதலாகத் தேய்ந்த தட்டுகள் இவருடையவை. ஊசி ஓடி ஓடி பள்ளமெல்லாம் வெளிறிக் கிடக்கிறது. 1925இல் பிறந்து 2015இல் மறைந்த அவருடைய குரல் கேட்காத கல்யாண வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. மூத்தம்மா சொன்னா: “இந்தத் தட்டைப் பக்கத்து ஊருத் தமிழ் ஆக்களும் இரவல் வாங்கிட்டுப் போவாங்க மகன். திருப்பித் தரக்குள்ள ஒரு சீப்பு வாழப்பழமும் வரும்.” இதை எந்தப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை. தேய்ந்த பள்ளம் மட்டும் சொல்கிறது.

சினிமாத் தட்டுகள் பதினொன்று. விஸ்வநாதன் ராமமூர்த்தி காலத்தவைதான் கூட. இவற்றை மூத்தவாப்பா தெரிந்தெடுத்தது கடையில் இல்லை, வானொலியில். அந்த வானொலியின் கதையும் ஒரு ரெக்கோட்டில்தான் தொடங்குகிறது. 1920களின் தொடக்கத்தில் கொழும்புத் தந்தி அலுவலகத்தின் ஒரு சின்ன அறையில் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற பொறியியலாளர் சோதனை ஒலிபரப்பு நடத்தினார். ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றில் கைப்பற்றிய கருவிகளை வைத்து உருவாக்கிய ஒலிபரப்பிக் கருவி. அதில் போனது கிராமபோன் இசை.

முப்பது வருஷம் கழித்து அந்த வானொலி இந்தியாவையே கேட்க வைத்தது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரக்குறைவானது என்று ஆகாசவாணியிலிருந்து அதை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டார். 1957இல் விவித் பாரதி வரும்வரை இந்திய ரசிகர்கள் ரேடியோ சிலோன் பக்கம் திரும்பினார்கள். இந்தியில் அமீன் சயானி, தமிழில் எஸ். பி. மயில்வாகனம். தமிழ்நாட்டுப் படத்தின் பாட்டைத் தமிழ்நாட்டுக்காரரே கொழும்பிலிருந்து கேட்ட காலம் அது. “எல்லாம் இந்தியாவில இருந்து வந்ததுதானே” என்று நாங்கள் லேசாகச் சொல்லிவிடுகிறோம். பாட்டு அங்கேயிருந்து வந்தது சரி. அதை ஒலிபரப்பிய இடம் இது.

பிறகு 45 தட்டுகள். கையளவு, பாரமில்லை, உடையாது. இதுதான் உண்மையான வினைல். 1970களை ஒட்டி எங்கள் நாட்டில் தமிழ்ப் பொப் பாட்டு எழுந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்கள் கிற்றாரும் பைலாத் தாளமுமாக, பேச்சுத் தமிழில் பாடினார்கள். பைலா என்பது போர்த்துக்கேயர் காலத்திலிருந்து கரையோரத்தில் தங்கிய தாளம். மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியர் வீடுகளில் ஆடப்பட்டது. அதனால் அது எங்களுக்கு வெளிச்சரக்கு இல்லை. அதே பெட்டியில் மூன்று சிங்களத் தட்டும் இருக்கிறது. ஜெரால்ட் விக்கிரமசூரிய நடத்திய சூரியா லேபிள். மூத்தவாப்பாவுக்குச் சிங்களம் அவ்வளவு வராது. ஆனால் வாங்கியிருக்கிறார்.

கடைசியாக, நான் இந்தக் கட்டுரையை எழுதியதற்கே காரணமானது. அது ஒரு வெறும் மட்டை உறை. மேலே மூத்தவாப்பாவின் எழுத்தில், நீலப் பேனையால்: “பரமேஸ் கோணேஸ், திருகோணமலை.”

எம். பி. பரமேஸும் எம். பி. கோணேஸும் குடாவுக்கு அந்தப் பக்கம் திருகோணமலையைச் சேர்ந்த சகோதரர்கள். பரமேஸ் பாடிய ‘உனக்குத் தெரியுமா’ பாட்டைத்தான் ஈழத்தின் முதல் தமிழ் இசைத்தட்டு என்று பலரும் குறிப்பிடுகிறார்கள். பெட்டியில் இருக்கிற தட்டுகளிலே எங்களுக்கு ஆகக் கிட்டிய ஊரில் பிறந்த பாட்டு அதுதான். அந்தத் தட்டுத்தான் இல்லை.

மூத்தம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு சொன்னா.

2006 ஆகஸ்ட். ஷெல் விழ விழ ஊர் முழுக்கக் கந்தளாய்ப் பக்கம் நடந்தது. அவ அவசரத்தில் காணி உறுதியையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் மடித்து வைக்க நல்ல தடிப்பான உறை ஒன்று தேடியிருக்கிறா. கையில் அகப்பட்டது இது. தட்டை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, உறைக்குள் பத்திரங்களை வைத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டு நடந்திருக்கிறா. திரும்பி வந்தபோது கட்டில் இல்லை. அந்த மூலையில் கூரையும் இல்லை.

“அவர் ஒண்டும் சொல்லல்ல மகன். உறுதி இரிக்கா எண்டு மட்டும் கேட்டார்.”

அவ செய்தது சரி. அந்த உறுதி இல்லாவிட்டால் இந்த வளவு இல்லை. முகாமில், கச்சேரியில், எங்கே போனாலும் அந்தப் பத்திரங்களைத்தான் கேட்டிருப்பார்கள். என்ன பாட்டுக் கேட்டாய் என்று எந்த அலுவலகமும் கேட்காது. அதனால் எங்கள் ஆட்களிடம் மிஞ்சியிருக்கிற வரலாறு பெரும்பாலும் அலுவலகம் கேட்ட வரலாறுதான்.

பரமேஸின் பாட்டை இப்போது யூடியூப்பில் கேட்கலாம். நானும் மூத்தம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பாட்டு அழியவில்லை. ஆனால் மூதூரில் ஒரு முஸ்லிம் வியாபாரி, அக்கரையில் இரண்டு தமிழ் இளைஞர்கள் போட்ட தட்டைக் காசு கொடுத்து வாங்கி, உறையில் பெயர் எழுதி வைத்தார் என்பதை யூடியூப் சொல்லாது. அதற்கு இருக்கிற ஒரே சாட்சி இந்த மட்டை.

ஒப்படைக்கு நான் கொண்டுபோனதும் இதைத்தான். உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கலாம். தட்டு, கெசட், எதுவென்றாலும் சரி. எறிவதற்கு முன் லேபிளைப் படம் எடுங்கள், யார் எப்போது வாங்கினார் என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். நூலகம் நிறுவனம் போன்ற ஆவணக்காரர்களிடம் பிறகு கொடுக்கலாம். முதலில் கேட்க வேண்டும். மூத்தம்மாவிடம் நான் இன்னும் இரண்டு வருஷம் பிந்திக் கேட்டிருந்தால், அந்த உறை எனக்கு வெறும் மட்டையாகவே இருந்திருக்கும்.