ஊமைப்படத்திலிருந்து வந்த சினிமா ராணி

1931-ஆம் ஆண்டு ஜனக்கணக்கின்போது ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் வாழ்ந்த ரங்கூனில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். தமிழரும் தெலுங்கரும் வங்காளியரும், பர்மியரோடும் சீனரோடும் கலந்து, வாணிபத்திலும் துறைமுகக் கூலிவேலையிலும் காலம் கழித்த அந்நகரில், பாஷை வித்தியாசமின்றி யாவருக்கும் விளங்கிய கலை ஒன்று இருந்ததென்றால் அது ஊமைப்படமே. பர்மாவின் முதல் கதைப்படம் 1920 அக்டோபர் 13-ஆம் தேதி திரையேறியதும் இந்நகரில்தான். ஓன் மவுங் இயக்க, நீ பூ நாயகனாக நடித்த அப்படத்தில், குடியாலும் சூதாலும் ஒருவன் அழிந்த கதையை உணர்ந்துகொள்ளக் கண் இருந்தால் போதும்.

அந்த மௌன யுகத்தின் அந்திமக் காலத்தில் தமிழகத்தில் திரைக்கு வந்தவர் டி. பி. ராஜலட்சுமி. 1911-இல் திருவையாற்றில் பிறந்து, விளையாட்டுப் பிராயத்திலேயே விவாகம் செய்விக்கப்பெற்று, அது நிலையாமற் போகவும், தந்தையும் மறைந்துவிடவும், ஜீவனத்துக்கு வேறு வழியின்றித் தாயோடு திருச்சிக்கு வந்த அச்சிறுமி, குடும்பப் பெண்கள் மேடையேறுவதை ஊரார் இழிவாகக் கருதிய அந்நாளில், சாமண்ணா ஐயரின் நாடகக் குழுவில் சேர்ந்தார். பாட்டே பிரதானமாயிருந்த அம்மேடையில் குரலால் பிரசித்தி பெற்றவர், 1929-இல் சென்னை ஜெனரல் பிக்சர்ஸ் தயாரித்த 'கோவலன்' படத்திலும், பின்னர் 'உஷா சுந்தரி', 'ராஜேஸ்வரி' ஆகியவற்றிலும், அக்குரலை முற்றும் துறந்து, முகபாவத்தாலும் அபிநயத்தாலும் மட்டுமே ரசங்களை உணர்த்தவேண்டியவரானார்.

பேசும் படம் வந்தபோது, வடக்கே பெரும்புகழ் பெற்றிருந்த சுலோசனா போன்ற நடிகையே ஹிந்துஸ்தானி கற்கும்பொருட்டுச் சிறிது காலம் ஒதுங்கியிருக்க நேர்ந்தது. ராஜலட்சுமிக்கோ மேடை தந்த நாவன்மை கைகொடுத்தது. பம்பாயில் எச். எம். ரெட்டி இயக்கி, 1931 அக்டோபர் 31-இல் சென்னையில் வெளிவந்த 'காளிதாஸ்' படத்தில், நாயகன் தெலுங்கில் பேச, அவர் தமிழில் பேசிப் பாடினார். மறு ஆண்டே பர்மிய பாஷையின் முதல் பேசும் படமும் அதே பம்பாயில் உருவாயிற்று. ரங்கூன் போன்ற நகரில் ஊமைப்படம் ஒன்றாய் அமர்த்தியிருந்த பல்வேறு ஜாதியாரைப் பேச்சு தத்தம் பாஷைக்குரிய கொட்டகைகளுக்குப் பிரித்தனுப்பியது என்பதையும், கடல் கடந்து உழைத்த தமிழனுக்குத் தாய்மொழியைத் திரையில் கேட்கும் பாக்கியத்தை அப்பேச்சே அளித்தது என்பதையும் சரித்திரம் ஒருங்கே சொல்லியாக வேண்டும்.

1934-இல் எடுக்கப்பெற்ற 'மியா கா நைங்' என்ற பர்மிய ஊமைப்படம் எஞ்சியிருந்து, நம் காலத்தில் செப்பனிடப்பெற்றிருக்கிறது. ராஜலட்சுமியின் ஊமைப்படங்களைக் காணும் பேறு நமக்கு வாய்க்கவில்லை. ஆயினும் பிறர் எழுதிய வசனத்தைப் பேசுவதோடு அமையாமல், தாம் எழுதிய நாவலையே 1936-இல் 'மிஸ் கமலா' என்ற படமாகத் தயாரித்து, இயக்கி, நடித்து, தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் என்ற ஸ்தானத்தை அவர் அடைந்தார். 1964-இல் மறைந்த அவருக்கு ஜனங்கள் சூட்டிய 'சினிமா ராணி' என்னும் பட்டம் நடிப்புக்கு மட்டும் உரியதன்று. தன் விவாகத்தைக்கூடத் தான் தீர்மானிக்க இயலாத பேதைப் பருவத்திலிருந்து, தன் கதையைத் தானே எழுதித் தானே இயக்கும் நிலைக்கு உயர்ந்த ஒரு பெண்ணின் சுயபலத்துக்கே உரியது.