உயிர்த்தகவலியற் பட்டநெறியின் தோற்றம்

ஓர் அறிவுத்துறை தேவையிற் பிறந்து, தொழிலில் வளர்ந்து, பின்னரே பாடமாகின்றது. நில அளவையிலிருந்து கேத்திரகணிதம் எழுந்தமை யாவரும் அறிந்ததே. உயிரியலையும் கணனியையும் இணைக்கும் உயிர்த்தகவலியலின் வரலாறும் அத்தகையதே.

கேம்பிரிட்ஜில் ஆய்வு நடத்திய பிரெடரிக் சாங்கர், இன்சுலின் என்னும் புரதத்தில் 51 அமினோவமிலங்களும் அமைந்துள்ள ஒழுங்கை 1955 அளவிற் கண்டறிந்து, 1958இல் நோபல் பரிசு பெற்றார். பிறரும் அவ்வழியே வேறு புரதங்களை ஆராய்ந்தனர். சிதறிக் கிடந்த அம்முடிவுகளைத் தொகுத்தவர் அமெரிக்கரான மார்கரெட் டேஹோஃப் அம்மையார். 1965இல் வெளிவந்த அவரது தொகுப்பு நூலில் 65 புரதங்கள் இடம்பெற்றன. கணிதம் பயின்று இரசாயனவியலிற் கலாநிதியான அவர், மாணவப் பருவத்திலேயே துளையட்டைப் பொறிகளைக் கையாண்டவர். இத்துறைக்கென ஒரு பட்டநெறி அந்நாளில் இருக்கவில்லை. தேவையே அவருக்கு ஆசானாயிற்று.

1990இல் மனித மரபணுத்தொகுதித் திட்டம் தொடங்கிற்று. ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்களை வாசிக்க முனைந்த அம்முயற்சி, 2003இல் நிறைவெய்தியதாக அறிவிக்கப்பட்டது. உயிரியல் கற்றார் கணனி அறியார்; கணனி கற்றார் உயிரியல் அறியார் என்னும் குறை அப்போது பெரிதாகத் தோன்றிற்று. 1998இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து ரஸ் ஆல்ட்மன், உயிரியல், கணனியியல், புள்ளிவிபரவியல், ஒழுக்கவியல், உயிர்த்தகவலியல் என்னும் ஐந்தையும் பாடத்திட்டத்தின் அங்கங்களாக வகுத்தார். 2014இல் சர்வதேசக் கணிப்பு உயிரியற் சங்கத்தின் குழுவொன்று, கருவிகளைப் பயன்படுத்துவோர், ஆய்வாளர், கருவிகளை ஆக்கும் பொறியியலாளர் என மாணவரை மூவகைப்படுத்தி, ஒவ்வொருவர்க்கும் வேண்டிய ஆற்றலை வேறாக எடுத்துரைத்தது.

இருதுறைப் பழம் பாடங்களைச் சேர்த்துப் புதுப்பெயரிடுவதாற் பட்டநெறி உருவாகிவிடாது என்பதே இவ்வரலாறு தரும் படிப்பினை. இரு புரதங்கள் ஓரளவு ஒத்திருத்தல் தற்செயலாகவும் நிகழலாம். பொதுவான மூதாதையிலிருந்து வந்தமையாலும் நிகழலாம். ஒப்புமையைக் கணனி காட்டும். தற்செயலோ என்பதைப் புள்ளிவிபரம் மதிப்பிடும். அதன் பொருளை உயிரியலே உணர்த்தும். இம்மூன்றையும் ஓரிடத்தில் வைத்துச் சிந்திக்கப் பழக்காத கல்வி, பொறியை இயக்குவோரை உருவாக்குமேயன்றி அறிஞரை உருவாக்காது.

வெளிவாரி மாணவனாகப் பட்டம் பெற்ற எனக்குப் பாடத்திட்டத் தாள் ஒன்றே ஆசானாயிருந்தது. அதில் விடுபட்டதை நான் கற்கவே இல்லை. பாடத்திட்டம் வகுப்போர் தம் பொறுப்பின் பாரத்தை உணர்தல் வேண்டும்.