சாமி விஷயத்துல கேள்வி கேட்கலாமா? மெய்கண்டார் காலம் முதல் நம்ம சமய வகுப்பு வரை

திருச்சிற்றம்பலம்.

இது கொஞ்சம் நீளமான பதிவு. பூஜை முடிந்து வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு நிதானமா படிங்க.

ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் சிலர் எங்களிடம் சொல்வதுண்டு: "இவன் ரொம்ப கேள்வி கேக்கிறான் அண்ணே, கொஞ்சம் அடக்கி வைங்க." ஆறு ஏழு வயதில் ஆசையாக வந்து தேவாரம் பாடும் பிள்ளைகள், படிவம் இரண்டு மூன்று போனதும் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். ஏன் என்று விசாரித்தால், பள்ளியில் கூட்டாளிகள் கேட்கிறார்களாம்: ஏன் தேங்காய் உடைக்கிறீங்க, ஏன் இத்தனை சாமி, சாமி கல்லா? பதில் தெரியாமல் வீட்டில் கேட்டால், "சாமி விஷயத்துல கேள்வி கேக்காதே, கண்ணைக் குத்திடும்" என்று வாயை அடைத்துவிடுகிறோம். பிள்ளை அதோடு கேட்பதை நிறுத்திவிடும். கொஞ்ச நாளில் வருவதையும் நிறுத்திவிடும்.

கேள்வி கேட்காமல் இருப்பதுதான் பக்தி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நம் சைவத்தின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் உபநிடதம். ஓர் உபநிடதத்தின் பெயரே பிரச்ன உபநிடதம். பிரச்னம் என்றால் கேள்வி. ஆறு பேர் கையில் சமித்தோடு பிப்பலாத முனிவரிடம் போகிறார்கள். அவர், ஓராண்டு இங்கே தவத்தோடும் நம்பிக்கையோடும் தங்குங்கள், பிறகு விரும்பியதைக் கேளுங்கள், எமக்குத் தெரிந்தால் சொல்கிறோம் என்கிறார். கவனிங்க. "தெரிந்தால்" என்று சொன்னவர் ஒரு ரிஷி. அந்த நூல் முழுக்க ஆறு கேள்வியும் ஆறு பதிலும்தான். கேன உபநிடதத்தின் பெயரும் ஒரு கேள்விச் சொல். கேன என்றால் "யாரால்" என்று பொருள்.

இப்போது தமிழ்நாட்டுக்கு வருவோம். 13-ஆம் நூற்றாண்டு. பெண்ணாகடத்தில் அச்சுத களப்பாளர் என்பவருக்குப் பிள்ளை இல்லை. அவருடைய குலகுரு சகலாகம பண்டிதர். பெயரிலேயே தெரிகிறது, எல்லா ஆகமமும் கற்றவர். அவர் சொன்னபடி திருமுறையில் கயிறு சாத்திப் பார்க்க, திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. அங்கே போய் முக்குளத்தில் நீராடி வழிபட்ட பிறகு பிறந்த குழந்தைக்கு அவ்வூர் இறைவன் பெயரையே வைத்து, சுவேதவனப் பெருமாள் என்று அழைத்தார்கள். திருவெண்ணெய்நல்லூரில் மாமன் வீட்டில் வளர்ந்த அந்தக் குழந்தைக்குப் பரஞ்சோதி முனிவர் உபதேசம் செய்து, மெய்கண்டார் என்று பெயர் சூட்டினார்.

அதன் பிறகு நடந்ததை மரபு வரலாறு இப்படிச் சொல்கிறது. சகலாகம பண்டிதரின் மாணவர்கள் சிலர் மெய்கண்டாரிடம் பாடம் கேட்கப் போய்விட்டார்கள். பண்டிதருக்குப் பொறுக்கவில்லை. நாம் ஆசி கொடுத்துப் பிறந்த பிள்ளை, நம்மை விடவா? நேரே போனார். அங்கே ஆணவ மலத்தைப் பற்றிப் பாடம் நடக்கிறது. இவர் நின்றபடியே கேட்டார், ஆணவ மலத்தின் உருவம் என்ன என்று. மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. பண்டிதரை அடி முதல் முடி வரை பார்த்தார். நீங்கள் நிற்கும் இந்த நிலைதான் அதன் உருவம் என்பது அந்தப் பார்வையின் பொருள். பண்டிதருக்குச் சுருக்கென்று புரிந்தது. அதே இடத்தில் காலில் விழுந்து மாணவர் ஆனார். அவர்தான் அருள்நந்தி சிவாச்சாரியார்.

இந்தக் கதையைப் பணிவுக்கு உதாரணமாகத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் இன்னொன்றும் அதில் இருக்கிறது. பண்டிதர் கேட்டது மடக்குவதற்காகக் கேட்ட கேள்வி. அப்படியிருந்தும் மெய்கண்டார் "வெளியே போங்க" என்று சொல்லவில்லை. அந்தக் கேள்வியையே பாடம் ஆக்கினார். பிற்பாடு அருள்நந்தி சிவாச்சாரியார் கேள்வி கேட்பதை விட்டுவிட்டாரா என்றால், அதுவும் இல்லை. இருபா இருபஃது என்று ஒரு நூல் எழுதினார். தன் குருவை முன்னிறுத்தி ஆணவம் பற்றியும் உயிர் பற்றியும் கேள்விக்கு மேல் கேள்வியாக அடுக்கிய நூல் அது. முன்பு கேட்டது தோற்கடிக்க. இப்போது கேட்டது தெரிந்துகொள்ள. கேட்கும் நோக்கம் மட்டும் மாறிவிட்டது.

மெய்கண்டார் தந்த சிவஞானபோதம் 12 சூத்திரங்கள்தான். மொத்தம் 40 வரி. அந்தச் சின்ன நூல் எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்க. முதலில் மேற்கோள், அதாவது நான் சொல்வது இது. அடுத்து ஏது, அதாவது காரணம் இது. அப்புறம் எடுத்துக்காட்டு. "நான் சொல்றேன், நம்பு" என்று அந்த நூல் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் கொடுக்கிறது. ஏன் என்று ஒருவன் கேட்பான் என்று எதிர்பார்த்தே எழுதிய நூல் அது.

அருள்நந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியார் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் இரண்டு பாகம்: பரபக்கம், சுபக்கம். பரபக்கம் என்றால் மற்றவர் கட்சி. 14 கொள்கைக்காரர்களை அதில் வரிசையாக நிறுத்துகிறார். முதல் ஆள் யார் தெரியுமா? உலகாயதன். கண்ணால் காண்பதுதான் உண்மை, கடவுளும் இல்லை மறுபிறவியும் இல்லை என்பவன். முதலில் அவன் கொள்கையை அவன் பக்கம் நின்று சொல்கிறார். அதன் பிறகுதான் மறுப்பு. கடவுள் இல்லை என்பவனின் வாதம் சைவ சாத்திரத்துக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது! அதை எழுதி வைத்ததால் சைவம் அழிந்துவிட்டதா? எழுநூறு வருஷத்துக்கு மேலாக நிற்கிறது.

மெய்கண்ட சாத்திரம் 14-இல் மற்ற நூல்களும் இப்படித்தான். திருவதிகை மனவாசகங்கடந்தார் எழுதிய உண்மை விளக்கம் மாணவன் கேட்க, குரு பதில் சொல்லும் நூல். உமாபதி சிவாச்சாரியார் தம் குரு மறைஞான சம்பந்தரிடம் கேட்கும் கேள்விகளாகப் பாடிய நூலுக்குப் பெயரே வினாவெண்பா. அவர் 1313-இல் எழுதிய சங்கற்ப நிராகரணத்தில் மற்ற வாதிகளின் கொள்கையை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, ஒவ்வொன்றாக ஆராய்கிறார்.

பாடம் கற்பது பற்றித் தமிழ் இலக்கணமும் பேசுகிறது. அதே 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் பவணந்தி முனிவர் எழுதியது நன்னூல். அவர் சமணர். ஆனாலும் சைவரான சங்கர நமச்சிவாயர் அதற்கு உரை எழுதினார். அந்த உரையைத் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் திருத்தினார். நல்லது எங்கே இருந்தாலும் எடுத்துக்கொண்டவர்கள் நம் முன்னோர்.

நன்னூல் ஒரு கணக்குச் சொல்கிறது. ஆசிரியர் சொல்வதை ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். கூடப் படிப்பவர்களோடு பேசிப் பழகும்போது இன்னொரு கால். மிச்சம் அரைப் பங்கு, அதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். பிள்ளைகளை வாய் மூடி உட்கார வைத்தால் முக்கால் பங்கு போச்சு.

அதே நன்னூல் கேள்விகளை ஆறு வகையாகப் பிரிக்கிறது. தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பதில் தெரிந்த ஆசிரியர் மாணவனைச் சோதிக்கக் கேட்பது அறி வினா. தெரியாதவன் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்று குழம்பிக் கேட்பது ஐய வினா. கடையில் பருப்பு இருக்கா என்பது கொளல் வினா. உன்னிடம் வேட்டி இல்லையா என்று கொடுப்பதற்காகக் கேட்பது கொடை வினா. சாப்பிட்டாயா என்று சாப்பிடச் சொல்லும் பொருளில் கேட்பது ஏவல் வினா.

இப்போது நம் வகுப்பை நினைத்துப் பாருங்க. "நால்வர் யார் யார்? சொல்லு." "பஞ்சபூதத் தலங்கள் எவை? சொல்லு." எல்லாம் அறி வினா. ஆசிரியர் கேட்பார், பிள்ளை ஒப்பிக்கும். அறியா வினாவும் ஐய வினாவும் பிள்ளையிடமிருந்து வரவேண்டியவை. அதற்கு நேரமே ஒதுக்குவதில்லை.

இந்த ஒப்பிக்கும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. யாழ்ப்பாணம் நல்லூரில் 1822-இல் பிறந்த ஆறுமுக நாவலர், கிறிஸ்தவ மிஷன் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். சைவப் பிள்ளைகளுக்குச் சொந்தமாகப் பள்ளியும் புத்தகமும் இல்லாததைப் பார்த்து, 1848-இல் வண்ணார்பண்ணையில் பள்ளி தொடங்கினார். அச்சகம் வைத்தார். சைவ வினாவிடை எழுதினார். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கும் அரசாங்க எழுத்தர் வேலைக்கும் மலாயா வந்தவர்களோடு நாவலர் வழிச் சைவமும் இங்கே வந்தது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கந்தசுவாமி கோயில் அவர்கள் கட்டியதுதான்.

நாவலர் செய்தது பெரிய தொண்டு. அடிப்படை தெரியாமல் கேள்வி கேட்க முடியாது. நெல் போடாமல் அறுவடை ஏது? ஆனால் வினாவிடை முதல் படி. நாம் அந்த முதல் படியிலேயே பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு, ஏன் மேலே ஏறவில்லை என்று கோபப்படுகிறோம்.

எங்கள் தொண்டர் குழுவில் பாதிப் பேர் ஃபேக்டரி வேலைக்காரர்கள். ஷிப்ட் முடிந்து அப்படியே கோயிலுக்கு வருகிறவர்கள். வேலையிடத்தில் ஒரு முறையை எல்லாரும் படித்திருக்கிறோம். மிஷின் நின்றால் ஐந்து தடவை "ஏன்" கேட்க வேண்டும். டொயோட்டாவில் வளர்ந்த முறை. அங்கே இருந்த தாயிச்சி ஓனோ தம் புத்தகத்தில் கொடுத்த உதாரணம் இது. மிஷின் ஏன் நின்றது? பாரம் அதிகமாகி ஃபியூஸ் போச்சு. ஏன்? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்பு சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன்? வடிகட்டி இல்லாமல் இரும்புத் தூள் உள்ளே போய்விட்டது. முதல் பதிலோடு நிறுத்தினால் புது ஃபியூஸ் போடுவோம். மிஷின் மறுபடி நிற்கும். கடைசி வரை கேட்டால் வடிகட்டி போடுவோம்.

இந்த முறையில் யாரும் மிஷினை அவமதிப்பதாக நினைப்பதில்லை. "ஏன்" என்று கேட்கும் புது ஆளைத் திட்டினால் அடுத்த தடவை அவன் கோளாறைப் பார்த்தாலும் சொல்ல மாட்டான். அது எவ்வளவு ஆபத்து என்று லைனில் நிற்பவர்களுக்குத் தெரியும். நம் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான்.

கேள்வி கேட்காத பழக்கம் நம் பெரியவர்களையும் பாதிக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருஷக்கணக்காகச் சுற்றுகிறது: பூமியின் காந்த நடுக்கோட்டின் மையப்புள்ளி சிதம்பரம் நடராஜர் பாதத்தில் இருக்கிறதாம். மெய்கண்டார் முறையிலேயே பார்ப்போம். மேற்கோள் இருக்கிறது. ஏது எங்கே? காந்த நடுக்கோடு என்பது பூமியைச் சுற்றி வரும் கோடு. வளையலுக்கு நடுப்புள்ளி எந்த இடம் என்று காட்ட முடியுமா? எடுத்துக்காட்டுக்கு வருவோம். 1963-இல் இந்தியா முதல் ராக்கெட்டை விடத் திருவனந்தபுரம் பக்கம் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே காந்த நடுக்கோடு அந்தப் பக்கம் போவதால்தான். சிதம்பரம் அந்த ஊரைவிட 300 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே தள்ளி இருக்கிறது. கோடும் காலப்போக்கில் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

சிதம்பரத்தின் பெருமை நால்வர் பாடியதில் இருக்கிறது, ஆனந்தத் தாண்டவத்தில் இருக்கிறது. அதற்குப் பொய் முட்டு தேவையில்லை. கல்லூரிக்குப் போன பிள்ளை இந்தச் செய்தி தப்பு என்று கண்டுபிடித்தால், நாம் சொன்ன மற்ற உண்மைகளையும் சந்தேகப்படும். நஷ்டம் யாருக்கு?

நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பேசியபோது ஒரு பெரியவர் கேட்டார்: "இப்படி விட்டா பிள்ளைங்க எதிர்த்துப் பேசக் கத்துக்குமே தம்பி?" நியாயமான கவலை. வம்புக்குக் கேட்பதும் அறிவதற்குக் கேட்பதும் வேறு வேறு. அந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும். கேட்கவே விடாமல் அதை எப்படிக் கற்றுத்தருவது? பண்டிதரை மெய்கண்டார் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தால் நமக்குச் சித்தியார் கிடைத்திருக்காது.

பெரியவரும் சம்மதித்துவிட்டார். அதனால் அடுத்த மாதம் முதல் சமய வகுப்பில் கடைசி 20 நிமிஷம் பிள்ளைகளின் கேள்விக்கு. முறை இதுதான்:

1. கேட்பவர் எழுந்து நின்று, கைகூப்பி, தெளிவாகக் கேட்க வேண்டும். எந்தக் கேள்விக்கும் சிரிக்கக் கூடாது, திட்டக் கூடாது.

2. பதில் சொல்பவர் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு மூன்றும் தர வேண்டும். தெரியாவிட்டால் "தெரியலை, அடுத்த வாரம் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லலாம். பிப்பலாத முனிவரே அப்படிச் சொன்னவர்தான்.

3. ஒருவர் சொன்னதை மறுக்க விரும்பினால், முதலில் அவர் சொன்னதை அவரே "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். பரபக்கம் முதலில், மறுப்பு பிறகு.

4. வீட்டில் பெற்றோர் "இன்னைக்கு என்ன படிச்சே?" என்பதோடு "இன்னைக்கு என்ன கேள்வி கேட்டே? எனக்குச் சொல்லிக் கொடு" என்றும் கேளுங்கள். நன்னூல் சொன்ன அந்த அரைப் பங்கு உங்கள் சாப்பாட்டு மேசையில்தான் இருக்கிறது.

பெரியவர்களும் வரலாம், கேட்கலாம். தேங்காய் ஏன் உடைக்கிறோம் என்பதையே முதல் வாரக் கேள்வியாக வைத்திருக்கிறோம். பதில் தெரிந்தவர்கள் காரணத்தோடும் எடுத்துக்காட்டோடும் வாங்க. தெரியாதவர்கள் கேள்வியோடு வாங்க. வகுப்பு முடிந்ததும் பிரசாதம் உண்டு.

சிவாயநம.
ஆலயத் தொண்டர் குழு