கரும்புகை கக்கின எஞ்சினும் விழுப்புரமும்

ஒரு கம்பெனியையே கவுத்த எஞ்சின் வம்சம் நம்ம விழுப்புரம் பக்கம் நாப்பது வருஷத்துக்கும் மேல ஓடுச்சுன்னா நம்புவீங்களா? நான் திண்டிவனத்துக்காரன். பொழப்புக்குப் பொட்டி தட்டறேன். ரயில் பைத்தியம் மட்டும் சின்ன வயசுலேர்ந்தே உண்டு. கிடைச்சதையெல்லாம் படிச்சு, எங்க பெரியப்பாவைத் தொணதொணத்துச் சேர்த்த விஷயம் இது. அவர் ரயில்வேயில் டீசல் ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுத்துக்கங்க :-)

கதை அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் ஸ்கெனெக்டடி என்று ஓர் ஊர். நீராவி எஞ்சின் காலத்தில் கொடிகட்டிப் பறந்த அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனி, சுருக்கமா ஆல்கோ, அங்கேதான் இருந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் எல்லாருக்கும் டீசல் வேண்டும். போட்டிக்காரரான ஜெனரல் மோட்டார்ஸ் கையில் நன்றாகப் பழகிய, டர்போ இல்லாத டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் இருந்தது. ஆல்கோவிடம் அதற்குப் பதில் இல்லை. அவசர அவசரமாக 1946-ல் 244 என்ற டர்போ டீசலை இறக்கினார்கள். வந்தது வினை. டர்போ புட்டுக்கும், கிராங்க் ஷாஃப்ட் உடையும், தண்ணீர் கசியும். வாங்கின ரயில் கம்பெனிகள் நொந்துபோய் ஜெனரல் மோட்டார்ஸ் பக்கம் சாய்ந்தன.

ஆல்கோவும் சும்மா இருக்கவில்லை. 1950-களின் நடுவில் 251 என்ற புது எஞ்சின் வந்தது. இது உண்மையிலேயே நல்ல எஞ்சின். ஆனா கெட்ட பேரு அதுக்கு முன்னாடியே ஊர் பூரா போயிடுச்சே! 1960-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கும் போட்டிக்கு வர, ஆல்கோ 1969-ல் எஞ்சின் கட்டுவதையே நிறுத்திவிட்டது.

இங்கேதான் நம்ம ஆட்டம் ஆரம்பம். 1960-களின் தொடக்கத்திலேயே இந்திய ரயில்வே இந்த 251-ஐத் தேர்ந்தெடுத்திருந்தது. முதலில் அமெரிக்காவிலிருந்து வந்தன. 1964 முதல் வாரணாசி டீசல் தொழிற்சாலை இங்கேயே கட்டத் தொடங்கியது. அகலப்பாதைக்கு 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன் கொண்ட டபிள்யூ.டி.எம்-2. மீட்டர் கேஜுக்கு 6 சிலிண்டர், சுமார் 1,400 குதிரைத்திறன் கொண்ட ஒய்.டி.எம்-4. முதல் வகையில் மட்டும் 2,600-க்கும் மேல் ஓடின. கட்டின கம்பெனி கடையைச் சாத்தின பிறகும் நாம விடலை.

நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். 1960-களின் பிற்பாதியிலேயே தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரை மீட்டர் கேஜில் மின்சாரம் வந்துவிட்டது. ஜப்பானில் செய்த ஒய்.ஏ.எம்-1 எஞ்சின்கள் ஓடின. அந்தக் கம்பி விழுப்புரத்தோடு சரி. அதனால் பெரும்பாலான வண்டிகளுக்கு அங்கே மின்சார எஞ்சினைக் கழற்றி ஒய்.டி.எம்-4-ஐ மாட்டுவார்கள். 1990-களின் கடைசியில் அகலப்பாதை வந்தபோது டபிள்யூ.டி.எம்-2 திண்டிவனத்துக்கே வந்தது. மீட்டர் கேஜ் ஒய்.டி.எம்-4, மயிலாடுதுறைப் பக்கம் 2006 வரை தாக்குப்பிடித்தது.

இதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கரும்புகை மறக்காது. ஏன் அப்படிப் புகைக்கும்? டர்போ சுற்றுவது எஞ்சினின் புகைக்காற்றால். அது சுற்றினால்தான் சிலிண்டருக்குள் அழுத்தமான காற்று போகும். டிரைவர் நாட்ச் ஏற்றினதும் டீசல் உடனே உள்ளே போய்விடும். டர்போ வேகம் பிடிக்க சில வினாடி ஆகும். அந்த இடைவெளியில் டீசல் நிறைய, காற்று குறைவு. எரியாத கரி வானத்துக்குப் போகும். பார்க்க கம்பீரம்தான், ஆனால் அதில் ஒரு பங்கு டர்போவுக்குள்ளும் லூப் ஆயிலுக்குள்ளும் படியும்.

அப்புறம் எப்படி இத்தனை வருஷம் ஓடுச்சு? இதுக்கு விடை பொன்மலை மாதிரி டீசல் ஷெட்டுகளில் இருக்கு. பெரியப்பா சொன்னதில் மூணு விஷயம் என் மண்டையில் பதிந்தது.

ஒண்ணு, நிறுத்தும் முறை. ஃபுல் லோடில் ஓடின எஞ்சினைப் பட்டென்று அணைக்கக்கூடாது. எஞ்சின் நின்றால் அதோடு சுற்றும் ஆயில் பம்ப்பும் நிற்கும். ஆனால் டர்போ அப்போதும் பல்லாயிரம் சுற்று வேகத்தில் இருக்கும். சூட்டோடு, எண்ணெய் இல்லாமல் சுற்றினால் பேரிங் காலி. கொஞ்ச நேரம் ஐடிலில் விட்டு, ஆறினபிறகுதான் அணைப்பு.

ரெண்டு, காது. எஞ்சினை அணைத்ததும் டர்போ பக்கத்தில் கடிகாரத்தோடு நிற்பார்கள். அது தானாக ஓய்வதற்குக் குறைந்தது ஒன்றரை நிமிஷமாவது ஆகணும். முன்னாடியே நின்றால் உள்ளே ஏதோ உரசுது, பிரிச்சுப் பாருன்னு அர்த்தம்.

மூணு, ரத்தப் பரிசோதனை. மனுஷனுக்கு இல்லைங்க, லூப் ஆயிலுக்கு! ஒவ்வொரு ஷெட்டிலும் ஒரு லேப் உண்டு. ஆயிலில் செம்பும் ஈயமும் கூடினால் பேரிங் தேய்கிறது. இரும்பும் குரோமியமும் கூடினால் லைனரும் ரிங்கும். சிலிக்கான் கூடினால் ஏர் ஃபில்டர் வழியே தூசி வருகிறது. சோடியம் தென்பட்டால் கூலிங் தண்ணீர் எங்கோ கசிகிறது. எஞ்சினைத் திறக்காமலே வியாதியைச் சொல்லிவிடலாம்.

அதோடு எஞ்சினையும் விடாமல் திருத்திக்கொண்டே இருந்தார்கள். 1980-களில் லக்னோவிலுள்ள ரயில்வே ஆராய்ச்சி அமைப்பு உட்கார்ந்து வேலை பார்த்தது. திறன் கூடின டர்போ, பெரிய ஆஃப்டர் கூலர், உச்சியில் எஃகு மூடி போட்ட பிஸ்டன், ஃபியூவல் பம்ப்பில் 15 மில்லிமீட்டருக்குப் பதில் 17 மில்லிமீட்டர் பிளஞ்சர். அதே குடும்பத்து எஞ்சின் 1990-களில் 3,100 குதிரைத்திறன் கொடுத்தது. பழைய எஞ்சின்கள் பஞ்சாபின் பாட்டியாலாவுக்குப் போய், பாதி ஆயுசில் புதுப்பிறவி எடுத்து வந்தன.

இன்னொரு கொசுறு. சாட்டர்ன் ராக்கெட்டை ஏவுதளத்துக்கு நகர்த்திய நாசாவின் ராட்சத வண்டியிலும் இதே 16 சிலிண்டர் 251-தான். நிலாவுக்குப் போனவனுக்கும் நம்ம விழுப்புரத்தானுக்கும் இழுத்தது ஒரே எஞ்சின் :-)

எனக்கு இதில் தோன்றுவது ஒன்றுதான். எஞ்சினின் ஆயுசை டிசைன் பாதிதான் தீர்மானிக்கிறது. மீதிப் பாதி தினமும் அதைத் தொடுகிற கைகளில் இருக்கிறது. அமெரிக்காக்காரன் 244-ல் பட்ட சூட்டில் 251-க்குப் பொறுமை காட்டவில்லை. நாம் காட்டினோம். வேற வழி இல்லாததும் ஒரு காரணம்தான், மறுக்கலை. அவ்வளவு பேர் கொட்டின உழைப்பும் அதே அளவு உண்மை. எங்க தொழிலில் பழைய கோடைப் பார்த்ததும் "தூக்கிக் கடாசிட்டுப் புதுசா எழுதலாம்"னு கை துறுதுறுக்கும். இந்தக் கதை படிச்சதிலேர்ந்து ஒரு நிமிஷம் யோசிக்கிறேன்.

இன்னிக்கு விழுப்புரத்தைத் தொடுகிற பாதையெல்லாம் மின்கம்பி. புகை இல்லை, டீசல் இறக்குமதிச் செலவு இல்லை, நல்லதுதான். 2018-ல் வாரணாசியிலேயே டீசல் எஞ்சினை மின்சார எஞ்சினாக மாற்றிக் காட்டினார்கள். 2020-ல் தொழிற்சாலைப் பெயரிலிருந்தும் "டீசல்" போய்விட்டது.

எஞ்சின் போகட்டும், பழைய இரும்புக் கடைக்குத்தான். அதோட சேர்ந்து போறது இன்னொண்ணு. டர்போ ஓயும் சத்தத்தில் பேரிங்கின் நிலைமையைச் சொன்ன காதுகள். எத்தனை நிமிஷம் என்று மேனுவலில் இருக்கும், அந்தச் சத்தம் எப்படி மாறும் என்பது இருக்காது. பெரியப்பாவுக்கு இப்போ எண்பதை நெருங்குது. நான் கேட்டு எழுதினது நாலு பக்கம்தான் தேறியிருக்கு.

உங்க வீட்டிலோ தெருவிலோ பொன்மலையிலோ, ஈரோடு, தண்டையார்பேட்டை ஷெட்டிலோ வேலை பார்த்த பெரியவங்க இருந்தா, ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேச்சு கொடுங்க. சொல்றதை அப்படியே பதிவா போடுங்க. ஸ்டீம் எஞ்சினுக்கு ரசிகர்கள் ஏகப்பட்டபேர் எழுதிட்டாங்க. இந்தக் கரும்புகைக்காரனுக்கு நம்மளை விட்டா யாரு இருக்கா?