எழினியும் அங்கமும்

தமிழில் நாடக இலக்கணம் பற்றிய பேச்சு பெரும்பாலும் 1890களிலிருந்தே தொடங்குகிறது. 1891இல் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் வெளிவந்தது. அதே ஆண்டு சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை ஆரம்பித்தார். 1892இல் உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சிட்டார். 1897இல் பரிதிமாற் கலைஞரின் நாடகவியல். ஆறே ஆண்டுகளில் ஒரு நாடகம், ஒரு சபை, ஒரு பழைய உரை, ஒரு புதிய இலக்கணம். இவற்றிலிருந்து எதை எடுத்துக்கொண்டோம், எதை விட்டோம் என்பதுதான் பிரச்னை.

மனோன்மணீயம் ஐந்து அங்கம், இருபது களம். கதை லிட்டன் பிரபுவினுடையது. பகுப்பு ஷேக்ஸ்பியர் வழியாக வந்தது. மேடையைவிட வாசகனையே நம்பிய நூல். அடியார்க்குநல்லாரோ கதையின் வளர்ச்சியை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று ஐந்தாக்கி, வித்து முளைத்து விளைந்து பயன்தருவதோடு ஒப்பிடுகிறார். ஐந்துக்கு ஐந்து பொருந்திப் போனதில் நம் கல்லூரிகளுக்கு ஒரே நிம்மதி. நாடகத்தின் அமைப்பு என்றால் கதையின் அமைப்பு என்றாகிவிட்டது. பாத்திரம், உரையாடல், முரண், உச்சம் எல்லாம் அதன் பரிவாரங்கள்.

அதே சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதை வேறொன்றையும் சொல்கிறது. அரங்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். திரைகள் மூன்று: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. திரையை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பெயரிட்ட ஒரு மரபு, ஆடுபவர் வெளிப்படும் விதத்தையே நாடகத்தின் உறுப்பாகக் கண்டிருக்க வேண்டும். நம் விமர்சகர்களுக்கு இது மேடைச் சாமான் கணக்கு. (அரிஸ்டாட்டிலும் காட்சியைக் கடைசியில்தான் வைத்தார்.)

ஆனால் தொண்டைமண்டலத்துத் தெருக்கூத்தில் அந்தத் திரை இன்னும் உயிரோடிருக்கிறது. இருவர் அதைப் பிடித்து நிற்க, பின்னால் இருப்பவன் தன் வருகையைத் தானே படர்க்கையில் பாடுகிறான். திரை விலகுகிறது. நீ யார் என்று கட்டியங்காரன் கேட்க, ராஜா பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பாத்திரம், நடிகன், பார்வையாளன் மூவரும் ஒரே கணத்தில் தனித்தனியே தெரிகிறார்கள். 1935இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கைப் பார்த்து பிரெக்ட் வியந்தது இத்தகைய விலகலைத்தான்.

கூத்தின் அலகு களமல்ல, வருகை. கர்ண மோட்சத்தை எடுத்துக்கொள்ளலாம். கர்ணன் சாவான் என்பது கூத்துக்களத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். கதைமுடிச்சு என்று எதுவுமில்லை. போருக்குப் புறப்படுமுன் விடைபெற வந்தவனைப் பொன்னுருவி பிறப்பைச் சொல்லி இகழ்கிறாள், தர்க்கம் நீள்கிறது. சந்தி இலக்கணத்தில் இது தாமதம், வெட்டவேண்டிய பகுதி. கூத்தில் இதுவே நாடகம். யுத்தம் இதன் பின்குறிப்பு.

முறையே ஓர் அமைப்பாக முடியும் என்பதைக் காட்டுப்பள்ளிக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரி மீனவருக்கு விளக்க வேண்டியதில்லை. எவர், எந்நாளில், எவ்விடத்தில் வலையிடுவது என்பதை அங்கே 'பாடு' என்ற முறை நிர்ணயிக்கிறது. இலக்கியம் படித்தவர்களுக்குத்தான், வரிசை என்றால் அமைப்பின்மை.

1977இல் கூத்துப்பட்டறை தோன்றியபின் நவீன நாடகக்காரர்கள் கூத்திடம் போனார்கள். ந. முத்துசாமி அங்கே கண்டது நடிகனின் உடலை. அது சாதாரண லாபமல்ல. பின்வந்தவர்கள் பலர் அடவையும் கட்டியங்காரனையும் கொண்டுவந்து, மூன்று காட்சி, ஓர் உச்சம் என்ற பழைய சட்டகத்தில் ஒட்டவைத்தார்கள். கட்டியங்காரன் அறிவிப்பாளனானான். அவன் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ராஜா அந்தப் பிரதிகளில் இல்லை. கூத்தின் அச்சுப் பிரதியைப் புரட்டினால் விருத்தம், தரு, வசனம் என்று ஓரத்தில் குறித்திருக்கும். அங்கம், களம் என்று எங்கும் இராது. அந்தக் குறிப்புகளை உறுப்புகளாக வாசித்து ஒரு நாடகவியல் எழுதப்பட வேண்டும்.