செட்டியார் குடுத்திருப்பாரா?

ஜொகூர் பாரு ஜாலான் உங்கு புவானில், 1911இல் எழுந்த ராஜமாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் சின்னம்மா பூ விற்கிறார். வியாபாரக் கடனுக்கு அவருக்காக நான்தான் ஆன்லைனில் பாரம் நிரப்பினேன். ஆறு மாத பேங்க் கணக்கு விவரம் கேட்டது. கல்லாவும் சுருக்குப் பையும்தான் அவர் பேங்க். "அந்தக் காலத்துல செட்டியார்கிட்ட போயிருந்தா குடுத்திருப்பாருல்ல?" என்றார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

1855இல் தஞ்சோங் புத்திரி என்ற பெயரில் தொடங்கிய இந்த ஊரை வளர்த்தவை மிளகும் காசுக்கட்டியும். ஆற்றங்கரைத் தோட்டங்களுக்குச் சிங்கப்பூர்ச் சீன வணிகர்கள் பணம் போட்டார்கள். அதே சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில்தான் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூரையின் கீழ் பல பெட்டியடிகள். ஆளுக்கொரு மரப்பெட்டி, முன்னால் தாழ்ந்த மேசை. ஊரிலிருந்து வரும் ஏஜென்ட் ஏறக்குறைய மூன்று வருடம் அங்கேயே தங்கிக் கணக்குப் பார்ப்பார். கடன் வாங்கியவர்களில் சீனர், மலாய்க்காரர் எல்லாரும் உண்டு. ஈடு, நிலப் பட்டா அல்லது புரோநோட்டு. 1930களின் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, மலாயாவில் நிறைய நிலம் கடனுக்குக் கைமாறியது. வட்டிக்காரர் என்ற கெட்ட பெயர் வலுத்ததும் அப்போதுதான்.

ஆனால் ரப்பர்த் தோட்டத்துத் தமிழருக்கு? அவர் குடியிருந்த லயமே கம்பெனியுடையது. எந்தப் பட்டாவைக் கொண்டுபோய் வைப்பார்? அவருக்குக் கிடைத்த கடன் கங்காணியிடமும் தோட்டக் கடையிலும்தான். அதுவும் தொழில் தொடங்க இல்லை, அரிசிக்கு. 'தமிழர் மூலதனம்' என்று நாம் பெருமையாகப் பேசும் வரலாற்றில் எங்கள் தாத்தாக்கள் இல்லவே இல்லை. இது எனக்குக் கொஞ்சம் சுட்டது.

இப்போது அரசாங்கம் இடம் பார்த்துத்தான் உதவுகிறது. தெக்குன் நேஷனலின் ஸ்பூமி இந்திய வணிகர்களுக்கானது. 2024இல் அமானா இக்தியார் இந்தியப் பெண்களுக்கென்றே பெண் திட்டத்தைத் தொடங்கியது, 50 மில்லியன் ரிங்கிட். சின்னம்மா மாதிரி ஆட்களுக்கு இது பொருந்தும், ஈடு தேவையில்லை. செட்டியார் கேட்ட பட்டாவின் இடத்தில் மற்ற இடங்களில் இன்று கணக்கு விவரம் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"குடுத்திருக்க மாட்டாரு சின்னம்மா," என்றேன்.

"சரி, அப்ப இன்னொரு பாரம் எடு," என்றார், மல்லிகையைத் தொடுத்துக்கொண்டே.