திடீர் ஓக் மரச்சாவு

கலிபோர்னியாவின் கடலோரக் காடுகளிலும் தென்மேற்கு ஓரிகனிலும் லட்சக்கணக்கான மரங்களைக் கொன்ற தொற்றுநோய். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் மாவட்டத்தில் 1990களின் நடுவில், ஓக்கின் உறவினமான டேன்ஓக் மரங்கள் காரணம் தெரியாமல் பட்டுப்போயின. ஃபைட்டோப்தோரா ராமோரம் என்ற நுண்ணுயிரியே காரணம் என்பது 2000இல் தெரியவந்தது. பூஞ்சையைப் போல இழைஇழையாக வளர்ந்தாலும் இது நீர்ப்பூஞ்சை வகையைச் சேர்ந்தது. பாசிகளுக்குத்தான் நெருங்கிய உறவு. நீலகிரியில் உருளைக்கிழங்கைத் தாக்கும் பின்பருவ இலைக்கருகல் நோயின் கிருமியும் இதே பேரினம். இரண்டுக்கும் ஈரம்தான் உயிர்நாடி. இவற்றின் வித்துகள் நீரில் நீந்தக்கூடியவை.

காட்டில் நோயைப் பெருக்குவது பெரும்பாலும் கலிபோர்னியா பே என்னும் வாசனை இலை மரம். மழைநீர் வழிந்து இலையின் நுனியில் தேங்கும். அந்த நுனிதான் முதலில் பழுப்பாகும், அதை ஒட்டி மெல்லிய மஞ்சள் கோடு தெரியும். பே மரத்துக்கு இதனால் பெரிய கேடில்லை. அதன் இலையில் விளையும் வித்துகள் மழைத்துளியில் தெறித்து அருகிலுள்ள ஓக்கின் அடிமரத்தில் விழுகின்றன. பட்டைக்குள் புண் பரவி, கருஞ்சிவப்புச் சாறு கசியும். கடலோர ஓக் இந்த நோயைப் பிற மரங்களுக்குப் பரப்புவதில்லை. வாங்கிக்கொண்டு சாவது மட்டுமே அதன் பங்கு. டேன்ஓக்கோ தன் சிறுகிளைகளிலும் வித்துகளை உருவாக்குவதால், நோயால் சாவதோடு அதைப் பரப்பவும் செய்கிறது.

ஆண்டு மழையின் மொத்த அளவைவிட, மழை எந்த மாதத்தில் பெய்கிறது என்பதே முக்கியம். நடுக்குளிர்கால மழையில் குளிர் மிகுதி. கிருமி மெதுவாகவே பெருகும். வெப்பநிலை 20 பாகை செல்சியஸை ஒட்டியிருக்கும் வசந்தத்தின் பிற்பகுதியில் மழை பெய்து, இலை பல மணிநேரம் காயாமல் இருந்தால் தொற்று வேகமெடுக்கும். மூடுபனி சூழ்ந்த பள்ளத்தாக்குகள் அந்த ஈரத்தைக் காத்துவைக்கின்றன. கோடை வறட்சியைக் கிருமி தடித்த சுவருள்ள வித்தாக உறங்கிக் கடக்கும்.

தொற்றும் சாவும் ஒரே பருவத்தில் நிகழ்வதில்லை என்பதுதான் இந்நோயைப் புரிந்துகொள்வதில் பெரிய இடர். மழை ஆண்டில் நோய் பற்றிய மரம் ஓரிரு ஆண்டுகள் பசுமையாகவே நிற்கலாம். பின்னர் வெயில் கடுமையாகும்போது, சேதமான திசுக்களால் போதிய நீரை மேலேற்ற முடியாமல் முழுத்தழையும் சில வாரங்களில் பழுப்பாகிவிடும். பார்ப்பவர் வறட்சியைக் குறை சொல்வார். தொற்றிய மழைக்காலத்தை எண்ணிப்பார்ப்பவர் குறைவு. 2012 முதல் நீடித்த வறட்சியில் தொற்று தணிந்தபோதும், ஓடையோரப் பே மரங்களில் கிருமி தங்கியிருந்தது.

காட்டுத்தீயை நெடுங்காலம் அடக்கிவந்ததால் பே மரங்கள் அடர்ந்ததும் நோய்க்கு வழிவிட்டது என்று கருதப்படுகிறது. நோய் கண்ட ஓக்கைக் குணமாக்கும் மருந்து இல்லை. மதிப்புமிக்க ஓக்குகளைச் சுற்றியுள்ள பே மரங்களை அகற்றுவதும், நோய் பற்றும் முன்பே மரத்துக்குப் பாஸ்போனேட் என்னும் வேதிப்பொருளைச் செலுத்துவதும் நடைமுறையில் உள்ள தடுப்புகள். கிருமி ஒட்டிய சேறு செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் பயணிப்பதால், ஈரமான நாட்களில் நோயுள்ள காட்டுக்குள் போய் வருபவர்கள் இவற்றைக் கழுவிவிட்டே வேறு காட்டுக்குச் செல்ல வேண்டும்.